இரண்டு பால் பெட்டி

இரண்டு பால் பெட்டி எடை.
அதற்கு மேல் தூக்காதே என்றாள் டாக்டர்.
ஆறு வாரம்.
நான் சிரித்தேன். தையல் இழுத்தது.
பாதிச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன்.

முப்பத்தொரு வருஷம்
அரௌசாக் கழிமுகத்தில் வாரிக்கோல் இழுத்தவள் நான்.
மட்டி வாளி ஒன்று பதினைந்து கிலோ.
இரண்டு கைக்கும் இரண்டு வாளி.
சேறு காலைப் பிடிக்கும், நான் வாளியைப் பிடிப்பேன்.
உள்ளே என்னைப் பிடித்திருந்தது எது என்று
அது நழுவிய பிறகுதான் தெரிந்தது.

குளிக்கும்போது கையில் பட்டது,
உரித்த முட்டைபோல் வழவழவென்று.
கத்தவில்லை.
விரலால் உள்ளே தள்ளிவிட்டு
தலைமுடியை அலசினேன்.
அப்படியே ஏழு வருஷம்.

கடலும் இறங்கும், கர்ப்பப்பையும் இறங்கும்,
ஒரே சொல்தான்.
கடல் ஆறு மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும்.

மறுநாள் காலை
உள்ளே அடைத்த துணியை உருவினாள் நர்ஸ்,
மீன் வயிறு கழுவுகிறவளின் வேகத்தில்.
வலி எங்கே?
வலது புட்டத்தில் என்றேன், கொஞ்சம் வெட்கத்தோடு.
அங்கேதான் நாரில் ஒரு தையலாம்,
அதைப் பிடித்துத்தான் இனி எல்லாம் தொங்குமாம்.
படகுக்காரன் மகளிடம்
நங்கூரம் என்று சொல்லியிருக்கலாம்.

ஐந்தாம் நாள்.
இதைச் சொல்லலாமா தெரியவில்லை, சொல்கிறேன்.
கழிவறையில் முக்கால் மணி நேரம்.
முக்காதே என்று உத்தரவு.
முக்காலியில் கால்கள், சுவரில் ஒரு கை,
கதவுக்கு வெளியே அமாரோ:
"எருந்தினா, உயிரோடிருக்கிறாயா?"
வந்தது.
மூன்று பிள்ளை பெற்றபோதும்
கண்ணாடியில் அப்படியொரு வெற்றி முகம் பார்த்ததில்லை.
லூகோவில் இருக்கும் தங்கைக்கு
போன் போட்டு அறிவித்தேன்.

மாத்திரை வற்ற வற்ற
பாறைகள் தலைகாட்டும்.
முதலில் புட்டத்துப் பாறை,
பிறகு அடிவயிற்றில் அந்தக் கூரானது,
கடைசியாகப் பெயர் வைக்கத் தெரியாத ஒன்று.
எது எப்போது தெரியும் என்று
கடிகாரம் பார்க்காமலே சொல்லப் பழகினேன்.

மூன்றாம் வாரம் உள்ளாடையில்
ஒரு துண்டு நூல்.
அவிழ்ந்துவிட்டதா?
கரையும் நூல்தான், கவலைப்படாதே என்றது போன்.
கரைவதை நம்பி எப்படி ஒன்று தொங்கும்!
அன்றிரவு முழுக்க அசையாமல் படுத்திருந்தேன்.
அமாரோவும் அசையவில்லை.
உனக்கென்ன என்றேன்.
"கட்டில் ஆடிவிடுமோ என்று."

எதையும் எடை பார்க்காமல் தொடுவதில்லை இப்போது.
பூனை: கூடாது.
ஈரப் போர்வை: கூடவே கூடாது.
ஐந்து உருளைக்கிழங்கு: சரி.
அமாரோ என் சட்டைகளைத்
தலைகீழாகக் காயப்போடுகிறான்.
உயர்த்துவதற்கு எனக்கு மிஞ்சியது குரல் மட்டும்.
அதையும் இருமல் வராதபடி.

ஆறாம் வாரத் தொடக்கத்தில் கரைக்குப் போனேன்,
வெறுங்கையோடு.
இறக்க நேரம்.
சபேலா சேற்றிலிருந்து ஏறி வந்தாள்.
முப்பத்தெட்டு வயது.
வாளியை வைத்தாள், உடனே நிமிரவில்லை.
முழங்கால்களை ஒட்டவைத்து
மூச்சை உள்ளே இழுத்து
எதையோ இடுக்கிக்கொண்டவள்போல் நின்றாள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
பழக்கத்தில் என் கை
அவள் வாளிப் பிடிக்குப் போய்
பாதியில் நின்றது.

"எத்தனை நாளாக?"
"எது?"
நான் எதுவும் சொல்லவில்லை.
அவள் தண்ணீரைப் பார்த்தாள்.
கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள்.
"நாலு வருஷம்."

மெல்ல உட்கார்ந்து
இரு கையாலும் மட்டியை அள்ளினேன்.
இரண்டு பால் பெட்டி இருக்காது.
எடைக் கொட்டகைவரை நடந்தேன், கொட்டினேன், திரும்பினேன்.
இரண்டாம் நடையில்
பின்னால் அவளும் கையளவு அள்ளி வந்தாள்,
எதற்கென்று கேட்காமல்.

வாளி காலியாக ஏழு நடை ஆனது.