தூக்கம் என்று எழுதியிருந்தது

நம்புச்செல்வி, வயது நாற்பத்து மூன்று,
வாலிநோக்கம் விலக்கு.
மார்பில் ஐந்து ஒட்டு, இடுப்பில் ஒரு பெட்டி.
நாளை இந்நேரம் வரை கழற்றக் கூடாது என்றேன்.
குளிக்கவுமா?
குளிக்கவும்.
கரிமூட்டத்தில் வேலை பார்ப்பவளிடம்
அதைச் சொல்ல எனக்கே கூசியது.

ஒரு தாளும் கொடுத்தேன்.
எத்தனை மணிக்கு என்ன செய்தீர்கள்,
படபடத்ததா, கண் இருட்டியதா.
எழுதத் தெரியுமா என்று கேட்கவில்லை,
பேனா இருக்கிறதா என்றுதான் கேட்டேன்.
ஏழாவது படிக்கிற பையன் எழுதுவான் என்றாள்.

வரும்போது எப்படி இருக்கும்?

"லாரிக்குப் பலகை போட்டு மூட்டையோட ஏறுவோம்ல.
இருட்டுல, இன்னும் பலகை இருக்குன்னு நெனச்சுக்
காலை வச்சா
இருக்காதுல.
அந்த மாதிரி."

பதினோரு வருடமாகத் துடிப்புகளைப் படித்துப் பிழைக்கிறேன்.
எனக்கு இதைச் சொல்லித்தந்த புத்தகம்
எதிலும் பலகை இல்லை.

மறுநாள் பெட்டி திரும்பி வந்தது.
மூடியில் ஒரு கட்டைவிரல், கறுப்பாக,
பத்திரத்தில் வைத்ததுபோல் ரேகை தெளிவாக.
ஸ்பிரிட்டைக் கையில் எடுத்துவிட்டு
அப்புறம் துடைக்கலாம் என்று வைத்தேன்.

திரையில் ஒரு லட்சத்துச் சொச்சம் துடிப்புகள்.
காலை ஆறு: சோறு வடித்தது. ஒழுங்கு.
பத்து: கருவைக்கட்டை அடுக்கியது. வேகம், ஆனால் ஒழுங்கு.
பிற்பகல் இரண்டரை,
பையன் யாரும் கேட்காத ஒன்றை எழுதியிருந்தான்:
"கடல்காத்து திரும்பிருச்சு. புகை வீட்டுக்குள்ள."
அங்கிருந்துதான்
முறைக்கு முன்பே ஓடிவரும் ஒரு துடிப்பு,
பின்னால் ஒரு வெற்றிடம்,
மறுபடி ஒன்று, மறுபடி வெற்றிடம்.
சாயங்காலம் காற்று ஓய ஓய அதுவும் ஓய்ந்தது.
நான் தேநீர் குடிக்கப் போயிருக்கலாம்.

அதிகாலை மூன்று மணி பத்து.
மேலறை தாளத்தை விட்டுவிட்டது.
சின்னச் சின்ன நடுக்கங்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லை.
கீழறை
வந்ததைப் பிடித்துக்கொண்டு கண்டபடி அடிக்கிறது.
நாற்பத்தேழு நிமிடம்.

தாளைப் பார்த்தேன்.
தூக்கம் என்று எழுதியிருந்தது.
அழகான கையெழுத்து.

"தூங்கவில்லையா?" என்றேன்.
சேலை நுனியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
"மூட்டம் பிளந்துருச்சு. கிழக்கால.
விட்டா நெருப்பு பத்தி அம்புட்டும் சாம்பல்.
ஒம்பது நாள் வேலை.
ஈரமண்ணை அள்ளி அள்ளி அப்புனேன்.
டாக்டர் ஏசுவாருன்னு
புள்ளைய அப்புடி எழுதச் சொன்னேன்."

புகை இருமலோடு போய்விடும் என்றுதான்
அவள் இத்தனை நாள் நம்பியிருந்தாள்.
கண்ணுக்குத் தட்டுப்படாத தூள்
மூச்சுப்பையின் சுவரைத் தாண்டி
ரத்தத்தில் இறங்கும்,
துடி என்று சொல்கிற இடம்வரை
போய்க் குழப்பும் என்று சொன்னேன்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தாள்.
"பொய் சொல்லாது போல" என்றாள்,
பெட்டியைத்தான்.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
கீழே, கோடிட்டு: புகையில் நிற்கக் கூடாது.
வாசித்துக் காட்டினேன்.
"காத்து எந்தப் பக்கம் அடிக்கணும்னு
அதுல போட்டிருக்கா?"
கேலியாகக் கேட்கவில்லை.
அதனால்தான் பதில் இல்லை.

சாயல்குடி வண்டியில் வீட்டுக்குப் போகிறேன்.
உப்பளம் தாண்டியதும் கருவைக்காட்டுக்கு மேல்
எழும்ப மனமில்லாமல் படுத்திருக்கிறது புகை.
சன்னலைச் சாத்துங்க என்றார் கண்டக்டர்.
சாத்தினோம்.
பிடி உடைந்த சன்னல் ஒன்று, என்னுடையது.

மணிக்கட்டில் விரல் வைத்து
ஒரு நிமிடம் எண்ணினேன்.
எழுபத்தாறு.
எழுபத்தேழாகவும் இருக்கலாம்,
நடுவில் ஒன்று
வந்ததா என்று தெரியவில்லை.