பொருள் எண் பதினேழு

பழையபேட்டையில் டயர் கடைக்கு மேலே
இரண்டு அறை.
கையால் எழுதிய பலகை:
கலையில் பூனை. காலை பத்து முதல்.
நுழைவு பத்து ரூபாய்.
தடவிப் பார்க்க அனுமதி இல்லை.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை.
ஓசூர் கிளையிலிருந்து
சேதம் மதிப்பிட வந்திருக்கிறேன்.
இருந்தாலும் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு
சீட்டைக் கிழித்து ஒரு பாதியைச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் முனிரத்தினம்.
மின்வாரியத்தில் முப்பத்தோரு வருடம் மீட்டர் குறித்தவர்.
"வாசல்ல மீட்டர் பார்க்கறப்பவே
உள்சுவரும் தெரியும் மேடம்.
பிடிச்சிருந்தா கேட்டு வாங்கிக்குவேன்."

படித் திருப்பத்திலேயே பொருள் எண் ஒன்று.
அரூர்ப் பக்கம் வரப்பில் நின்ற
ஒரு நடுகல்லின் புகைப்படம்.
வில் வளைத்தவன். காலடியில்
வாலைத் தூக்கிய ஒன்று.
நாய் என்கிறது தொல்லியல் துறை.
"வாலைப் பாருங்க" என்கிறார் இவர்.
பார்த்தேன்.
கல் அந்த இடத்தில் உடைந்திருந்தது.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது.
ஒரு கண் மட்டும் அச்சேறிய தீப்பெட்டிப் பூனை.
உடைசலுக்கு வந்த லாரியின் பின்பலகை,
புலிக்குக் கூலி வாங்கியவன்
மீசை வைக்கும்போது தோற்றது.
பர்கூர்க் கல்யாணம் ஒன்று, எழுபத்து நாலாம் வருடம்:
பெண், மாப்பிள்ளை, விறைத்து நிற்கும் பதினெட்டு உறவு,
எல்லோருக்கும் கீழே குறுக்கே போகும்
ஒரு சாம்பல் கறை.
"இது கலையா?"
"அது மட்டும்தான் போஸ் கொடுக்கலை, பாருங்க."

கருங்கல்லில் ஒன்று.
பாலிஷ் பட்டறையில் யாரோ
சாப்பாட்டு நேரங்களில் செதுக்கி வந்தது.
முதுகு வரை வழவழப்பு.
அதற்குமேல் வேலை போய்விட்டதாம்.
என் கை அதன் முதுகில் இருந்தது.
பலகை ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டேன்.

பிறகு, பொருள் எண் பதினேழு.
மாற்றலாகிப் போன ஓவிய ஆசிரியர்
வாடகை பாக்கிக்கு விட்டுப்போன படம்.
அடுப்படி. சரிந்த ராகி மூட்டை.
மூலையில் பூனை,
பாய்ச்சல் தோள்வரை வந்து நிற்கிறது.
எதிரே எலி இருக்க வேண்டும்.
இல்லை.
போன மாதம் ஒரு ராத்திரி
அசல் எலி வந்திருக்கிறது.
சட்டத்தின் இடுக்கில் புகுந்து
வரைந்த எலியை மட்டும்
காது முதல் வால் வரை தின்றிருக்கிறது.
பூனையின் ஒரு மயிரைத் தொடவில்லை.

படத்தை இப்போது ஜன்னலில் மாட்டியிருக்கிறார்.
எலி வடிவத்தில் வெயில் வருகிறது.
பூனை அதையே பார்த்துக்கொண்டிருக்கிறது.
நாங்கள் இருவரும்கூட,
கொஞ்ச நேரம்.

விதி ஒன்பதைச் சொன்னேன்:
பூச்சி, கரையான், கொறிக்கும் பிராணிகளால்
நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல.
"பணம் வேணாம் மேடம்.
நடந்துச்சுன்னு ஒரு ஆபீஸ் பேப்பர்ல இருந்தா போதும்.
நானே வெட்டிட்டேன்னு சொல்றாங்க."

கீழே அஸ்கர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான்.
பக்கத்து டயருக்குள் சுருண்டு
ஒரு செவலைப் பூனை.
"இதை மேலே விட்டா எலித்தொல்லை தீருமே?"
"விட்டுப் பார்த்தோம்க்கா.
திருப்பம் வரைக்கும் போகும்.
அந்தக் கல்லுப் படத்தைப் பார்த்ததும்
முதுகைத் தூக்கிச் சீறிட்டு
ஒரே ஓட்டமா இறங்கிடும்."

ஓசூர் பஸ்சில் ஜன்னலோரம் கிடைத்தது.
மாங்கூழ் ஆலை வாசனை தாண்டியதும்
படிவத்தை மடியில் விரித்தேன்.
சேதத்தின் காரணம்: எலி.
இழப்பின் மதிப்பு:
அந்தக் கட்டத்தை அப்படியே விட்டேன்.
பிற குறிப்புகள் என்று கடைசியில்
யாரும் படிக்காத ஓரிடம் உண்டு.
அங்கே, பஸ் குலுங்காத ஒரு சமயம் பார்த்து எழுதினேன்:
பொருள் எண் ஒன்று, நாய்.

அவரிடம் சொல்லவில்லை.