எடுப்பதா, செய்வதா

எனக்கு விடியல் ஐந்தரை.
கிரிசெல்டாவுக்கு இன்னும் நேற்றிரவு ஏழு.
கிண்ணியாவில் சுபஹு தொழுத கையோடு
மடிக்கணினியைத் திறக்கிறேன்.
குவாயாகில் துறைமுகத்தில் ஒரு தாதி
சீருடையைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
மணித்தியாலத்துக்கு நாலு டொலர்,
அதில் ஒன்று கம்பனிக்கு.

இந்தக் கிழமை பாடம்: தீர்மானங்கள்.

"முடிவை எடுத்தேன்" என்கிறாள் ஆங்கிலத்தில்.
எடுக்காதே, செய், என்கிறேன்.
எடுப்பவர்களும் உண்டுதான்,
ஆனால் உன் பரீட்சைக்குச் செய்தால்தான் புள்ளி.
எங்கள் பாஷையில் எடுப்பதுதானே, என்கிறாள்.
எங்கள் பாஷையிலும் அப்படித்தான்.
சொல்லவில்லை.

எடுப்பதென்றால்
யாரோ முதலே வைத்திருக்க வேண்டும்.
செய்வதென்றால்
மா வேண்டும், தண்ணீர் வேண்டும், கை வேண்டும்.

என் மேசையில், மோடத்துக்குக் கீழே
காக்கா டோஹாவிலிருந்து அனுப்பிய காகிதம்.
இறக்கக்கண்டியில் பதினெட்டுப் பேர்ச்,
கடலைப் பார்த்தபடி.
ஹோட்டல்காரர் காத்திருக்கிறார்களாம்,
நொத்தாரிசு காத்திருக்கிறாராம்,
என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கியாம்.
உறுதி என்று பெயர் அதற்கு.
வீட்டில் உறுதியாக இருப்பது
அந்தக் காகிதம் மட்டும்தான்.

அடுத்த சொற்றொடர்: வேலியில் உட்கார்தல்.
இந்தப் பக்கமும் இறங்காமல் அந்தப் பக்கமும் இறங்காமல்.
எங்களூரில் அது மதில்மேல் பூனை, என்றேன்.
சிரித்தாள். பூனைக்குப் பரவாயில்லை, என்றாள்.
இறக்கக்கண்டி வளவைச் சுற்றி முள்கம்பி.
அதில் காகமும் யோசித்துத்தான் உட்காரும்.

பாலம் வரும்போது கடப்போம், என்பது இன்னொன்று.
அதை விளங்கப்படுத்தத் திணறினேன்.
எங்களுக்குப் பாலம் வருமுன்
ஆற்றில் மிதந்த இரும்புத் தட்டுக்குப்
பாதை என்று பெயர்.
நாங்கள் இக்கரையில் நிற்கும்போதெல்லாம்
பாதை அக்கரையில் நிற்கும்.

பிறகு அவள் முறை.
வாளுக்கும் சுவருக்கும் இடையில் நிற்பார்களாம் அங்கே.
ஆங்கிலத்தில் பாறைக்கும் இன்னொரு கடினத்துக்கும் நடுவில்.
முன்னால் போனால் முட்டுகிற, பின்னால் போனால் உதைக்கிற
எங்கள் மாட்டை அவளுக்குக் கொடுத்தேன்.
கொப்பியில் எழுதிக்கொண்டாள்,
பக்கத்தில் கொம்பு வரைந்து.

முடிவு தெரியாவிட்டால்
ஆங்கிலேயர் அதன்மேல் படுத்துத் தூங்குவார்கள்.
நாங்கள் தலையணையிடம் கேட்போம், என்றாள்.
அல்மோஹாதா.
அந்த 'அல்' எனக்குப் பழக்கமான கதவுத் தட்டல்.
எத்தனை கடல் சுற்றி
அந்தத் தலையணை அவள் கட்டிலுக்குப் போனதோ.

நேற்று உம்மா சொன்னா,
இஸ்திகாரா தொழுதுவிட்டுப் படு பிள்ள,
மனசு எந்தப் பக்கம் சாயுதென்று பார்.
தொழுதேன். படுத்தேன்.
கனவில் மின்கட்டண ரசீது வந்தது.

கிரிசெல்டாவுக்கும் ஒரு காகிதம் இருக்கிறது,
மன்செஸ்டரில் ஒரு வைத்தியசாலை.
மகனுக்கு ஆறு வயது. அவனைப் பற்றி
ஆங்கிலத்தில் கதைக்க வரும்போது
அவளுக்கு எல்லா வினைச்சொல்லும் பிழைக்கும்.
நான் திருத்துவேன், பணம் அதற்குத்தானே.

இன்று வீட்டுவேலையாக ஒரு வசனம் அனுப்பியிருந்தாள்:
"முடிவைச் செய்துவிட்டேன்,
ஆனால் இன்னும் எடுக்கவில்லை."

பிழை.
சிவப்புக் கோட்டை இழுக்கப் போன விரல்
எழுத்தின்மேலேயே நின்றது.
சீனன்குடாப் பக்கம் மாவாலை விளக்குகள்
ஒவ்வொன்றாக அணைந்தன.
டோஹாவிலிருந்து ஒரு குரல்பதிவு,
ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
திறக்கவில்லை.

சரி, என்று எழுதி அனுப்பினேன்.
மோடத்தைத் தூக்கினேன்.
அடியிலிருந்த உறுதி
இடியப்பத் தட்டைப் போலச் சூடாக இருந்தது,
ஓரம் கொஞ்சம் சுருண்டு.