ஐந்தரை

அல்கர்ஜ் பண்ணையில்
பால் தொட்ட குழாய்களை இரவில்தான் கழுவுவார்கள்.
கழுவிய நீர், பாலாடைக்கட்டி பிரிந்த தெளிவு,
தேதி கடந்து கிழித்துக் கொட்டிய லபன்
எல்லாம் சரிந்து வந்து சேருமிடம்
என் தொட்டி.

மூடிய தொட்டி. உள்ளே காற்று கிடையாது.
காற்றே வேண்டாத கோடானுகோடிப் பேர்
சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்குகிறார்கள்.
அந்தப் புளிப்புக்குத்தான் விலை.
வடித்து, பிரித்து, நீல டிரம்மில் ஏற்றினால்
தம்மாமிலிருந்து லாரி வரும்.
சில டிரம் பெயிண்டுக்கு. சில டிரம்
அன்னாசிப்பழ எசன்ஸ் செய்கிறவர்களுக்கு.
நம்பமாட்டீர்கள்.
என் சட்டை நாறுகிற நாற்றத்துக்கு
அறையில் என் கட்டிலைக் கதவோரம் தள்ளிவிட்டார்கள்.

பாதியில் நிறுத்துவதுதான் இதில் சூட்சுமம்.
விட்டால் அடுத்த பந்திக்கு ஆள் உண்டு,
புளிப்பைத் தின்று வாயுவாய் விடுகிற கூட்டம்.
மந்தமானவர்கள். புளிப்பு தூக்கலாயிருந்தால்
எழுந்திருக்கவே மாட்டார்கள்.
"மீட்டரில் ஐந்தரை. அதைத் தாண்டவிடாதே, இன்னாசி"
என்றார் சூடான்காரர் எல்தாயிப், சேர்ந்த அன்றே.
வேறொன்றும் சொல்லித்தரவில்லை.

செவ்வாய் இரவு
எரிகுழாய் உச்சியில் தீ நின்றது.
ஆளுயரம். அடியில் நீலம்.
டில்பகதூர் போனை எடுத்துப் படம் பிடித்தான்.
எனக்கு வயிறு கலங்கியது.
மொண்டு வந்து தாளை நனைத்தேன்:
ஏழு.
மீட்டர் அப்போதும் ஐந்தரை என்றது.
எத்தனை நாளாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்ததோ,
அதை நம்பி பம்ப்பும்
சொட்டுச்சொட்டாய்க் காரத்தை ஊற்றிக்கொண்டிருந்தது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள்.
உடைந்திருந்தால்கூடச் சொல்லிக்கொள்ளலாம்.
தாழி முழுசாய் இருந்தது,
வெண்ணெய்தான் எரிந்துகொண்டிருந்தது.
அழகாய்த்தான் எரிந்தது.

மீட்டர் முனையைக் கழற்றினேன். கட்டைவிரல் வழுக்கியது.
கொழுப்பு, வெங்காயத் தோல் கனத்துக்கு.
சனிதோறும் துடைக்க வேண்டியது.
கடந்த இரண்டு சனிக்கும்
துடைத்ததாக என் கையெழுத்து இருக்கிறது.
ஒரு சனி நாற்பத்தெட்டு டிகிரி.
மற்ற சனிக்குக் காரணமே கிடையாது.

வியாழன் லாரி வரும். எட்டு டிரம் காலி.
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டம்
இரண்டு சொல் கொள்ளும்.
மீட்டர் கோளாறு.
சரியாகப் பொருந்தும்.

எழுதப் போனால்
விரல் பட்ட இடத்தில் தாளில் எண்ணெய்ப் பொட்டு.
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தேன்.
பின்பக்கத்துக் கையெழுத்து
இடம்வலம் மாறி
அதற்குள் தெரிந்தது.