ஒன்பதாம் படி

குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன்.
இடுப்பைச் சுற்றி
கிணற்றுக்கல்லைக் கயிறு அறுத்த தடம்போல்
கறுத்த ஒரு வரி.
பிள்ளை பெற்ற வரி இல்லை அது.
எனக்கும் இரண்டு உண்டு, தெரியும்.
"தண்ணிய ஊத்து மைனி" என்றாள் சின்ன நாத்தனார்.
ஊற்றினேன்.

ஆரியங்காவில் அன்று மழை
விட்டுவிட்டுப் பெய்தது.
தார்ப்பாயில் தேங்கியதைப் பந்தல்காரன்
கம்பால் முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தான்.
செங்கோட்டைச் சனம் மாரடித்து அழுதது.
தென்மலையிலிருந்து வந்தவர்கள்
ஓரமாய்க் குடைபிடித்து
கடைசி பஸ்ஸைப் பற்றி மலையாளத்தில் பேசினார்கள்.

முப்பிடாதி என்கிற என் மாமியார்
பதினோரு வருஷம் கர்ப்பமாக இருந்தவள்.

மரமில்லில் மாமாவின் வலதுகை
மூன்று விரலோடு திரும்பிவந்த மாசம்
தொடங்கியது அது.
காடாத் துணியில் எட்டு அறை தைத்து
அறைக்கு ஒரு படி அரிசி.
செங்கோட்டையில் ஏறும்போது
காற்றுக்குப் பறக்கிற மாதிரி ஒரு பெண்.
பகவதிபுரம் தாண்டி
ரயில் குகைக்குள் நுழையும்.
கரிப்புகை, இருட்டு, யாரோ இருமுவார்கள்.
இந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்தால்
நிறைமாசம்.

மலைக்கு இந்தப் பக்கம்
அரிசி கொண்டுவரக்கூடாத காலம்.
இப்போது லாரி லாரியாய் வருகிறது,
ராத்திரி தூங்கவிடாமல்.

"சேச்சீ, இது எத்றாம் மாசமா?" என்பாராம்
பரிசோதிக்க வரும் கோபிநாதப் பிள்ளை.
"நீங்க மாத்தலாகிப் போற மாசம் பெத்துருவேன் சார்."
அவர் சிரித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போவார்.
அவருக்கும் வீட்டில் அடுப்பு இருந்தது.

ஏழு படி தென்மலைச் சாயாக்கடைக்கு.
ஒரு படி வீட்டுக்கு.
அதிலும் இவள் பங்கு கிடையாது.
"எனக்குக் கெழங்குதாம்ல ருசி" என்று
மரவள்ளியை உப்போடு தின்றிருக்கிறாள்.
பிள்ளைகள் நம்பினார்கள்.
நான் வாக்கப்பட்டு வந்த பிறகு ஒருநாள்
ஆசையாய்க் கிழங்கு அவித்தேன்.
வாசம் வந்ததும்
எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

என்னிடம் நல்லவளாக இருந்தாள் என்று
சொல்லமாட்டேன்.
அரிசிப்பானைச் சாவி அவள் முந்தியில்தான்,
முதல் ஆறு வருஷம்.
உலையில் ஒரு பிடி கூட விழுந்துவிட்டால்
கொதிக்கிற தண்ணீரில் அகப்பையை விட்டு
அந்தப் பிடியைத் திரும்ப எடுப்பாள்,
என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.
எங்கம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறேன்.

கோபிநாதப் பிள்ளை ஒருவழியாய் மாற்றலாகிப் போனார்.
வந்தவன் புதுசு.
அந்தத் தடவை துணியும் இல்லை, அரிசியும் இல்லை,
ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறாள்.
"எடுடீ வெளியே" என்று
லத்தி நுனியால் இரண்டு குத்து.
உள்ளே இருந்தது என் வீட்டுக்காரர்.
அவள் சத்தம் போடவில்லையாம்.
பெஞ்சில் இருந்தவர்கள்தான் போட்டார்கள்.
மறு வாரம்
அரிசியோடும் அவரோடும்
அதே ரயிலில் போனாள்.

சுடலைமுத்து என்று பேர் வைத்தாலும்
அவளுக்கு அவர் "ஒம்போதாம் படி".
பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற உத்தியோகம்,
ஐம்பத்தோரு வயசு,
போனில் கேட்பாள்:
"ஒம்போதாம் படி சாப்ட்டானா?"

வாய்க்கரிசி போடும்போது
பேரன் கையிலிருந்து நாலைந்து மணி
ஈரமண்ணில் சிதறின.
என்னை அறியாமல் குனிந்தேன்.
அவள் பார்த்தாளோ என்று
திரும்பியும் பார்த்தேன்.

பதினாறு முடிந்து
டிரங்குப் பெட்டியைத் திறந்தோம்.
காடாத்துணி கிடந்தது, மடித்து.
ஓர் அறையில் ரேஷன் கார்டு,
ஒன்றில் மாமாவின் மில் சீட்டு,
ஒன்றில் நான் தொலைத்ததாக அவள் ஏசிய
என் கொலுசின் திருகாணி.
மற்ற ஐந்தும் காலி.
உதறினால் தவிடு.

எல்லோரும் கிளம்பிப் போனபின்
அறைக்கதவைச் சாத்திக்கொண்டு
அதை என் இடுப்பில் சுற்றினேன்.
மூச்சை இழுத்துப் பிடித்தும்
முடிச்சுக்கு
நாலு விரல் எட்டவில்லை.