தக்காளி விளக்கை அணைத்த ஒரு மணி நேரம்

உரிமம் புதுப்பிக்கப் போனேன்.
என் பழைய அழைப்புக்குறியே திரும்பக் கிடைத்தது.
"யாரும் கேட்டு வரவில்லை" என்றாள் அந்தப் பெண்.
இருபத்திரண்டு ஆண்டுகள்.
அதற்குள் சூரியன் இரண்டு முறை
கொதித்து ஆறியிருக்கிறது.

ஹியுமா தீவில் மார்ச்.
கடலோரத்தில் மட்டும் மிச்சப் பனிக்கட்டி.
மதியப் பேருந்தை கெர்ட்லா பணிமனையில் விட்டுவிட்டு வந்து
புகைபோக்கியிலிருந்து பிர்ச் மரத்துக்கு
இருபது மீட்டர் செம்புக் கம்பி இழுத்தேன்.
நான் விட்டுப் போனபோது என் தோளுயரம் இருந்த மரம்.
இப்போது ஏணி எட்டவில்லை.
தூண்டில் ஈயத்தை வீசினேன்,
ஆறாவது வீச்சில் ஒரு கிளை இரக்கப்பட்டது.

பெட்டிக்கு உயிர் வந்ததும்
முதலில் சுட்ட தூசியின் வாசனை.
பிறகு இரைச்சல்.
தகரத் தட்டில் ஓயாமல் மாவு சலிப்பதுபோல.
அந்தக் காலத்தில் இந்த அலைவரிசையில்
இடியும் மனிதர்களும்தான் இருந்தார்கள்.
இப்போது ஒவ்வொரு வீட்டு சார்ஜரும் பேசுகிறது.

சின்ன ரேடியோவை ஏந்திக்கொண்டு
வேலியோரம் மோப்பம் பிடித்து நடந்தேன்.
ஹெல்டூரின் கண்ணாடிக் குடிலில் ஊதா விளக்கு,
அதன் கீழே தக்காளி நாற்று.
"ஒரு மணி நேரம் அணைக்க முடியுமா?"
"யாரோடு பேசப் போகிறாய்?"
"தெரியாது."
"தெரியாத ஆளுக்காக என் தக்காளி இருட்டில் கிடக்கணுமா?"
அணைத்தார்.

அன்றைக்கும் இதே கேள்விதான்.
நாற்பத்தெட்டு மணி நேரப் போட்டி முடிந்த
திங்கட்கிழமைக் காலை
ஊலோ காபியை ஊற்றிக்கொண்டே கேட்டான்,
யாரோடெல்லாம் பேசினாய்?
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர் என்றேன்.
சரி, அதில் ஒருவரைப் பற்றிச் சொல் என்றான்.
சண்டையெல்லாம் இல்லை.
பிளக்கைப் பிடுங்கினேன், அவ்வளவுதான்.

மோர்ஸ் சாவியின் குமிழில் விரல் வைத்தால்
மணிக்கட்டுக்கு ஸ்டியரிங் மட்டும்தான் ஞாபகம்.
யாராவது, யாராவது,
யாராவது இருக்கிறீர்களா.
பதில் மழைபோல் கொட்டியது.
மெதுவாக, என்று தட்டினேன்.
உடனே வேகத்தைப் பாதியாக்கினான்.
அசோரஸ். ஃபயால் தீவு.
பெயரின் நடுவில் நான்கு எழுத்தைத் தவறவிட்டேன்.
மறுபடி அனுப்பினான். நோர்பெர்த்து.
வானிலை எப்படி?
மழை. கூரை ஒழுகுகிறது.
கீழே வாளி வைத்திருக்கிறேன், பொறு.

பொறுத்தேன்.
முன்பென்றால் அந்த இடைவெளியில்
ஐந்து பேரைப் பிடித்துக் கணக்கில் போட்டிருப்பேன்.
இப்போது வெற்று அலையில் காதை வைத்துக்கொண்டு
எவன் வீட்டு வாளிக்காகவோ உட்கார்ந்திருந்தேன்.
போயே விட்டான் போல.
கால் மரத்தது.

திரும்ப வந்தான். கொட்டிவிட்டேன், என்றான்.
உன் ஊரில்?
கடல் உருகுகிறது, என்றேன்.
எழுத்துப்பிழையோடு.

பதிவேட்டில் நேரம், அலைவரிசை, சமிக்ஞை பலம்
எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு.
குறுக்கே எழுதினேன்:
வாளி நிரம்பப் பன்னிரண்டு நிமிடம்.

கதவில் ஹெல்டூர்.
"ஆள் கிடைத்தானா?"
"கிடைத்தான். வீடு ஒழுகுதாம்."
"தகரமா, ஓடா?"
கேட்கவில்லையே.
"தகரம் என்றால் தார் பூசச் சொல்.
அடுத்த முறை கேட்டு வை."
வேலியைத் தாண்டிப் போனார்.
ஊதா வெளிச்சம் சன்னலில் ஏறியது,
காதில் மாவு சலிக்கத் தொடங்கியது.