சாலையின் தன்மை

படிவத்தில் அது ஏழாவது கட்டம்.
விபத்து நடந்த இடத்தில் சாலையின் தன்மை:
சமதளம் / மேடு / சரிவு.
பொருந்தாததை அடிக்கவும்.

அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்,
ஆசனூர் ஸ்டேஷனுக்கு ரைட்டராக வந்து
மூன்று வருஷமாக.

கொள்ளேகால் மாதேவப்பா
மக்காச்சோள மூட்டையோடு பதினெட்டாம் வளைவில் கவிழ்ந்தவர்.
இளிஜாரு என்றார்.
இளி என்றால் இறங்குவது, ஜாரு என்றால் வழுக்குவதாம்.
பாதி வாக்குமூலம் அந்த ஒரு சொல்லிலேயே முடிந்துவிட்டது.
மீதிக்குத்தான் இரண்டு பக்கம் எழுதினேன்.

நெம்மாறா ஷாஜு, ப்ளைவுட் லோடு.
அவருக்குச் சுரம் என்றால் மலைப்பாதை.
எங்கள் வீட்டில் சுரம் என்றால்
மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்வது.
பள்ளிக்கூடத்துச் செய்யுளில் வந்த சுரம் வேறு:
தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது,
பொருள் தேடிப் போகிறவன் அந்த வழியாகத்தான் போவான்.
ஷாஜுவும் பொருள் தேடித்தான் வந்திருந்தார்.
நெற்றியில் ஏழு தையல்.

ராம்லகன், கிளீனர், பத்தொன்பது வயசு.
முதலில் சடாய் என்றான், பிறகு தலான் என்றான்.
எது ஏறுவது, எது இறங்குவது என்று கேட்டதற்கு
இடது கையை நீட்டிச் சாய்த்துக் காட்டினான்,
விரல் நுனி கீழே.
டீ வந்தது. வலது கையில் வாங்கிக் குடித்தான்.
குடித்து முடிக்கும்வரை
இடது கை அப்படியே சாய்ந்திருந்தது.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

சென்னிமலை நம்ம பக்கம், பெருந்துறை.
பேரிலேயே மலையை வச்சிருக்கிறவனுக்கு
மலை இறங்கத் தெரியலையே என்று
எஸ்.ஐ. சிரித்தார்.
“எறக்கமுங்களா அது? செவுருங்க.
ரெண்டாங் கியர்ல புடிச்சுட்டேதானுங்க வந்தேன்.
சித்தெ முன்னாடி வரைக்கும் பிரேக் இருந்துச்சுங்க.”
உருளும்போதுகூட வண்டியை அவர்
‘நில்லுங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்.

அவர் வாக்குமூலத்தில்தான் அந்தப் பிழை:
‘வண்டி இரக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது.’
சிவப்பு மையில் வட்டம் போட்டு
வல்லின ற போடும்மா,
கோர்ட்டில் மானம் போகும் என்றார் எஸ்.ஐ.
போட்டேன்.
எதிரே ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர் வந்திருக்கிறார்கள்.
சென்னிமலை ஸ்டியரிங்கைப்
பாறைப் பக்கம் ஒடித்திருக்கிறார்.
அது பன்னிரண்டாவது கட்டம், மோதிய விதம்.

ரெக்கவரி வண்டியோடு சடையன் வந்திருந்தான்,
செல்லில் மேட்ச் பார்த்துக்கொண்டே.
உங்க பாஷையில சரிவுக்கு என்னப்பா பேரு?
எந்தச் சரிவுக்கு என்றான்.
புளியமரத்துக்குக் கீழே இருப்பதற்கு ஒரு பேர்,
கரடி உருண்டதற்கு ஒரு பேர்,
பத்து மணிவரை வெயில் படாததற்கு இன்னொரு பேர்.
எல்லாத்துக்கும் சேர்த்து?
ஓவர் முடியும்வரை பதில் இல்லை.
பிறகு,
எல்லாத்துலயும் சேர்த்து யாரு எறங்குவாங்க என்றான்.

எனக்கு ஏத்தம் என்பது காலை ஏழு மணி பஸ்,
எறக்கம் என்பது காது.
சாயங்காலம் பதினொன்றாம் வளைவில் அடைத்தால்
பண்ணாரி செக்போஸ்ட் தாண்டித்தான் திறக்கும்.
அதுவரை கண்டக்டருக்கு வாய் மட்டும் அசையும்.
தமிழா கன்னடமா தெரியாது,
குத்துமதிப்பாகச் சில்லறை நீட்டுவேன்.

இன்றைக்கும் ஒரு படிவம்.
மழை. கரும்பு லோடு.
டிரைவருக்கு ஒன்றுமில்லை,
வெளியே பெஞ்சில் உட்கார்ந்து
கரும்பைக் கணக்குப் பார்க்கிறார்.
சமதளத்தை அடித்துவிட்டேன்.
மேடும் சரிவும் அப்படியே இருக்கின்றன.
வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றது
என்று எஸ்.ஐ. கேட்பார்.
பத்துச் சக்கரமும்
வானத்தைப் பார்த்து என்று சொல்ல வேண்டும்.